எஞ்சின் மாற்றிய டிசையர்: செல்ஃப் அடிக்கிறது, ஸ்டார்ட் ஆகவில்லை

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2012 மாடல் ஸ்விஃப்ட் டிசையர் டீசல், வாடகைக்கு ஓடும் வண்டி. ரேடியேட்டர் ஹோஸ் கிழிந்து தண்ணீர் முழுவதும் போன பிறகும் சிறிது தூரம் ஓட்டியதில் எஞ்சின் சூட்டில் இறுகிப் பிடித்துக்கொண்டது. வண்டிக்காரர் சென்னைப் புதுப்பேட்டையின் பழைய வாகனச் சாமான் கடையில் பழைய எஞ்சின் ஒன்றை வாங்கி வந்து, பக்கத்துப் பட்டறையில் மாற்றியிருக்கிறார். செல்ஃப் அடித்தால் எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் ஸ்டார்ட் ஆகவில்லை. பட்டறைக்காரர் டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் ஹைபிரஷர் பம்பை மாற்றச் சொல்கிறார். எலக்ட்ரீஷியன், ஈசிஎம் (எஞ்சினைக் கட்டுப்படுத்தும் சிறு கணினி) போய்விட்டது என்கிறார். வாங்கிய எஞ்சினே சொத்தையோ, திருப்பிக் கொடுத்துவிடலாமா என்று வண்டிக்காரர் கேட்கிறார்.

இப்போதைக்கு மூன்றும் வேண்டாம். பம்பு, ஈசிஎம், இன்னொரு எஞ்சின் மூன்றுமே ஆயிரக்கணக்கில் பணம் கேட்கும் பொருள்கள். அவற்றில் எதன் மீதும் இதுவரை யாரும் ஒரு சோதனைகூடச் செய்ததாக உங்கள் கேள்வியில் இல்லை.

எஞ்சின் மாற்றிய வண்டியில் கோளாறு தேடும் முறையே வேறு. ஓடிக்கொண்டிருந்த வண்டி திடீரென நின்றால் எதை வேண்டுமானாலும் சந்தேகப்படலாம். உங்கள் வண்டியின் நிலை அப்படியில்லை. வயரிங், ஈசிஎம், டேங்க், சாவி எல்லாமே பழைய எஞ்சின் பிடித்த நிமிடம்வரை ஒழுங்காக வேலை செய்தவை. வந்த எஞ்சினும் எங்கோ ஒரு வண்டியில் ஓடியதுதான். ஆகவே இரண்டும் சேரும் இடத்தில்தான் முதலில் தேட வேண்டும்: கழற்றிப் பூட்டிய கப்ளர் (வயர்களை இணைக்கும் சொருகி), மறந்துபோன எர்த், மாற்றி மாட்டிய ஹோஸ், பொருந்தாத சென்சார். கைபட்ட இடம் ஒவ்வொன்றையும் பார்த்து முடித்த பிறகுதான் கைபடாத பொருளின் மீது பழிபோட வேண்டும்.

இன்னொன்று. பிடித்துப்போன பழைய எஞ்சின் பட்டறை மூலையில் கிடக்கிறது என்றால் அதை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். அது சூட்டில் செத்த எஞ்சின். அதன் இன்ஜெக்டர் (டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சுவது), ரெயில் (உயர் அழுத்த டீசல் தேங்கும் குழாய்), பம்பு, எஞ்சின் சுழற்சியை ஈசிஎம்முக்குச் சொல்லும் கிராங்க் சென்சார், கேம் சென்சார் ஆகியவை கடைசிவரை சரியாக இயங்கியவை, அதுவும் உங்கள் ஈசிஎம்மோடே இயங்கியவை. சந்தேகம் வரும் பொருளை அதிலிருந்து எடுத்து மாட்டிப் பார்க்கலாம், காசு செலவில்லை. கடும் சூடு பட்டதால் பிளாஸ்டிக் வெளிறியோ வெடித்தோ போன சென்சாரை மட்டும் நம்ப வேண்டாம்.

முதலில், வந்த எஞ்சின் எந்த வண்டியுடையது என்று தெரியுமா? கடையில் ‘1.3 டீசல்’ என்று சொல்லிக் கொடுத்திருப்பார்கள். ஃபியட் உருவாக்கிய 1,248 சிசி மல்டிஜெட் எஞ்சின் இந்தியாவில் ஓடாத இடமில்லை. ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ், ஃபியட் புண்டோ, லீனியா, டாடா இண்டிகா விஸ்டா எல்லாவற்றிலும் அதே குடும்பம்தான். ஆனால் குடும்பம் ஒன்றென்பதால் ஆளும் ஒன்றாகிவிட மாட்டார். உங்கள் டிசையரில் இருப்பது 75 குதிரைத்திறன் எஞ்சின், சாதாரண டர்போ. எஸ்எக்ஸ்4, எர்டிகா, சியாஸ் வண்டிகளில் வந்தது 90 குதிரைத்திறன் எஞ்சின், அதன் டர்போவில் இறக்கைகளின் கோணம் மாறும். பிளாக்கைப் பார்த்தால் வித்தியாசம் தெரியாது. மவுண்ட் பூட்டிவிடலாம், கியர்பாக்ஸும் சேர்ந்துவிடும். சென்சார், வால்வு, இன்ஜெக்டர், கப்ளரின் பின்கள் என்று வரும்போதுதான் வண்டிக்கு வண்டி வேறுபாடு தலைகாட்டும். அதனால் அடிப்படை விதி ஒன்று: வேறு வண்டியின் எஞ்சின் என்று தெரிந்தால், பிளாக்கையும் ஹெட்டையும் மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டு, சென்சாரும் டீசல் சாமான்களும் உங்கள் பழைய எஞ்சினிலிருந்து மாற்றிப் பூட்டுவதே உத்தமம். கூலி அதிகமாகும், தலைவலி குறையும்.

இனி சோதனைக்கு வருவோம். டீசல் எஞ்சினில் ஸ்பார்க் கிடையாது. டீசல் சரியான நேரத்தில் சிலிண்டருக்குள் பாய வேண்டும், அங்கே காற்று போதிய அழுத்தத்தில் சூடாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். இந்த இரண்டில் எது இல்லை என்பதை எந்தக் கருவியும் இல்லாமல் சைலன்சரே சொல்லிவிடும். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லிவிட்டு நீங்கள் வண்டியின் பின்னால் போய் நில்லுங்கள். ஐந்தாறு விநாடி எஞ்சின் சுற்றும்போது வெள்ளையாக அல்லது வெளிறிய சாம்பல் நிறத்தில் புகை வந்து, கண்ணைக் கரிக்கும் பச்சை டீசல் வாடை அடித்தால், இன்ஜெக்டர் டீசலைப் பாய்ச்சுகிறது, அது எரியாமல் வெளியேறுகிறது என்று பொருள். புகையே இல்லை என்றால் டீசல் உள்ளே போகவே இல்லை. இந்த இரண்டும் வெவ்வேறு வழி. புகையைப் பார்க்காமல் கம்ப்ரஷன் பார்ப்பதும் பம்பைக் கழற்றுவதும் இருட்டில் துழாவுவதுதான்.

நீங்கள் சொன்ன அளவில் புகை பற்றி ஒன்றும் இல்லை. எஞ்சின் மாற்றிய வண்டிகளில் நான் பார்த்தவரை பெரும்பாலும் புகை வராத வழக்குதான், ஆகவே அதையே விரிவாகச் சொல்கிறேன்.

புகை இல்லையென்றால் செல்ஃபைத் தொடாமல் சாவியை ‘ஆன்’ நிலையில் மட்டும் வைத்து மீட்டரைப் பாருங்கள். மஞ்சள் நிற எஞ்சின் விளக்கு எரிகிறதா? எரிய வேண்டும். எஞ்சின் ஓடாதபோது அந்த விளக்கு எரியவில்லை என்றால் பெரும்பாலும் ஈசிஎம்முக்கு உயிரே இல்லை. ‘ஈசிஎம் போய்விட்டது’ என்று எலக்ட்ரீஷியன் சொன்னது இதைப் பார்த்துத்தான் என்றால், அவர் பார்த்தது சரி, முடிவுதான் அவசரம். ஈசிஎம்முக்கு பேட்டரியிலிருந்து வரும் நிரந்தர கரண்ட், சாவி போட்டால் வரும் கரண்ட், மெயின் ரிலே, அதன் ஃபியூஸ், எர்த் ஆகிய ஐந்தில் ஒன்று குறைந்தாலும் அது செத்ததுபோல்தான் இருக்கும்.

எர்த்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் எஞ்சின் மாற்றிய வண்டிகளில் அதிகம் ஏமாற்றுவது இதுதான். எஞ்சினைக் கழற்றும்போது பிளாக்கிலும் கியர்பாக்ஸிலும் போல்ட் அடித்த வளைய முனைகளைக் கழற்றுவார்கள். தடிமனானது ஒன்று, அது பேட்டரி நெகடிவிலிருந்து வருவது. அதோடு மெல்லிய கறுப்பு வயர்களின் வளையங்கள் ஒன்றிரண்டு இருக்கும், ஈசிஎம்முக்கும் சென்சார்களுக்கும் எர்த் கொடுப்பவை. தடித்ததை யாரும் மறக்க மாட்டார்கள், அது இல்லாமல் செல்ஃபே ஒழுங்காக அடிக்காது. மெல்லியது வயரிங்கின் பின்னால் மடங்கிக்கொண்டு நிற்கும், கண்ணில் படாது. சில சமயம் மாட்டியும் இருப்பார்கள், ஆனால் வந்த எஞ்சினை அழகுபடுத்த கடையில் அடித்த சில்வர் பெயின்ட் மீதே வளையத்தை வைத்து முறுக்கியிருப்பார்கள். போல்ட் இறுக்கமாக இருக்கும், பார்க்க நன்றாக இருக்கும், கரண்ட் போகாது. அந்த இடத்தை எமரி தாளால் உலோகம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்துவிட்டு மாட்டுங்கள்.

கண்ணால் பார்த்து எர்த் நல்லது என்று சொல்லக்கூடாது, அளக்க வேண்டும். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் நெகடிவ் முனையிலும் மற்றொன்றை எஞ்சின் பிளாக்கில் பெயின்ட் இல்லாத இடத்திலும் வைத்து செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.2, 0.3 வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. அரை வோல்ட்டைத் தாண்டினால் எர்த் சரியில்லை. அதே நேரத்தில் பேட்டரியின் இரு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு நிற்கிறது என்றும் பாருங்கள். செல்ஃப் அடிக்கும்போது 9.5 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், எஞ்சின் சுற்றினாலும் ஈசிஎம் தடுமாறும். எஞ்சின் மாற்றும் வேலையில் வண்டி வாரக்கணக்கில் நின்றிருக்கும், அதன் பிறகு ஸ்டார்ட் ஆகவில்லை என்று ஐம்பது முறை செல்ஃப் அடித்திருப்பார்கள். பேட்டரி நொந்துபோயிருக்கும். ஒரு நல்ல பேட்டரியை வைத்துவிட்டே மற்ற சோதனைகளைத் தொடங்குங்கள்.

எஞ்சின் விளக்கு எரிகிறது என்றால் அடுத்தது இம்மொபிலைசர் விளக்கு. மாருதி இந்தத் திருட்டுத் தடுப்பு அமைப்பை ஐகேட்ஸ் என்று அழைக்கிறது. சாவிக்குள் ஒரு சிறு சிப், அதைப் படிக்க சாவித் துவாரத்தைச் சுற்றி ஒரு காயில், இவை இரண்டோடும் ஈசிஎம் ஒத்துப்போனால்தான் டீசலுக்கு அனுமதி கிடைக்கும். ஒத்துப்போகாவிட்டால் செல்ஃப் அடிக்கும், எஞ்சின் அருமையாகச் சுற்றும், இன்ஜெக்டர் மட்டும் வாய் திறக்காது. சாவி போட்டதும் அந்த விளக்கு விட்டுவிட்டுச் சிமிட்டிக்கொண்டே இருந்தால் கோளாறு அங்கேதான்.

இங்கே நீங்கள் பட்டறையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: வண்டியில் இப்போது இருப்பது யாருடைய ஈசிஎம்? எஞ்சினோடு அதன் ஈசிஎம்மையும் சேர்த்துக் கொடுப்பது பழைய சாமான் கடைகளில் வழக்கம். ‘எஞ்சினோடு வந்ததுதானே பொருந்தும்’ என்று நினைத்து அதை மாட்டியிருந்தால், அது தன் பழைய சாவியைத்தான் தேடும். உங்கள் வண்டியின் சொந்த ஈசிஎம்மையே திரும்ப மாட்டுங்கள். அது உங்கள் சாவியை அறியும், உங்கள் வயரிங்குக்கும் அதுவே பொருந்தும்.

இம்மொபிலைசர் விளக்கு அணைந்து அமைதியாக இருந்தால், ஈசிஎம் பதிவு செய்த பிழைக் குறியீடுகளை (பட்டறைப் பேச்சில் ‘கோடு’) படிக்கும் ஸ்கேனரை மாட்டலாம். ஸ்கேனர் இருக்கிற பலரும் கோடைப் படித்தவுடன் அதில் வந்த பெயருள்ள சாமானை வாங்க ஓடுவார்கள். எஞ்சின் மாற்றிய வண்டியில் முதல்முறை வரும் கோடுகளுக்கு மதிப்பில்லை. வேலை நடந்தபோது கப்ளர்கள் கழன்றிருக்கையில் யாராவது சாவியைப் போட்டிருந்தால் கழன்ற ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு பதிவாகியிருக்கும். எல்லாவற்றையும் அழித்துவிட்டு, பத்து விநாடி செல்ஃப் அடித்து, மறுபடியும் படியுங்கள். இப்போது திரும்பி வருவதுதான் உண்மையான கோடு. பி0335 என்றால் கிராங்க் சென்சார், பி0340 என்றால் கேம் சென்சார், பி0016 என்றால் கிராங்கும் கேமும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை, பி0087 என்றால் ரெயிலில் அழுத்தம் போதவில்லை. கோடு வந்ததால் அந்தச் சென்சார் கெட்டது என்று ஆகிவிடாது. அதன் வயர் அறுந்திருக்கலாம், கப்ளர் மாறியிருக்கலாம், அது சொல்வது உண்மையாகவும் இருக்கலாம்.

கோடைவிட எனக்கு நம்பிக்கை லைவ் டேட்டாவில்தான், அதாவது அந்தந்த நொடியில் ஸ்கேனர் காட்டும் அளவுகளில். செல்ஃப் அடிக்கும்போது இரண்டே எண்களைப் பாருங்கள்: எஞ்சின் வேகம், ரெயில் பிரஷர்.

எஞ்சின் வேகம் நிமிடத்துக்கு 200 சுற்றுக்கு மேல் காட்ட வேண்டும். காதுக்கு எஞ்சின் ஜோராகச் சுற்றுவது கேட்கிறது, திரையில் பூஜ்யம் என்றால், எஞ்சின் சுற்றுவது ஈசிஎம்முக்குத் தெரியவில்லை. தெரியாதவரை அது ஒரு துளி டீசலையும் விடாது. கிராங்க் சென்சாரின் கப்ளரைக் கழற்றி உள்ளே பாருங்கள். பின் ஒன்று வளைந்து பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கலாம், பச்சை பூத்திருக்கலாம். எஞ்சினை இறக்கும்போது வயர் கியர்பாக்ஸுக்கும் பிளாக்கிற்கும் நடுவே சிக்கி நசுங்குவதும் உண்டு. வெளித்தோல் நன்றாக இருக்கும், உள்ளே செம்பு அறுந்திருக்கும். சென்சார் நுனியில் இரும்புத் துகள் அப்பியிருந்தால் துடையுங்கள். அதோடு உங்கள் பழைய எஞ்சினின் கிராங்க் சென்சாரைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நீளம், கப்ளரின் பின்களின் எண்ணிக்கை, மேலே அடித்திருக்கும் எண் மூன்றும் ஒன்றாக இருக்கின்றனவா? இரண்டு பின் உள்ள காந்தச் சென்சாரை எதிர்பார்க்கும் ஈசிஎம்மிடம் மூன்று பின் ஹால் சென்சாரைக் கொடுத்தால் அதற்குப் புரியாது. நீளம் ஓரிரு மில்லிமீட்டர் குறைந்தாலும் பல்சக்கரத்திற்கும் சென்சாருக்கும் இடைவெளி கூடி, செல்ஃப் வேகத்தில் சிக்னல் கிடைக்காமல் போகும்.

அந்தப் பல்சக்கரத்தையும் கவனிக்க வேண்டும். சென்சாருக்கு எதிரே சுழலும் சக்கரத்தில் வழக்கமாக 60 பல்லுக்கான இடத்தில் 2 பல்லை விட்டு 58 வைத்திருப்பார்கள். அந்த இடைவெளியைக் கொண்டுதான் பிஸ்டன் எங்கே நிற்கிறது என்று ஈசிஎம் கணக்கிடும். வேறு வண்டியின் சக்கரமாக இருந்து பல் எண்ணிக்கையோ இடைவெளியோ மாறியிருந்தால் திரையில் வேகம் காட்டும், ஆனால் டீசல் தப்பான நேரத்தில் போகும் அல்லது போகவே போகாது. பி0016 மாறாமல் திரும்பத் திரும்ப வந்தால் இதையும் டைமிங் செயினையும் (கிராங்கையும் கேமையும் இணைக்கும் சங்கிலி) சேர்த்தே சந்தேகப்படுங்கள்.

வேகம் சரியாகக் காட்டுகிறது என்றால் அடுத்தது ரெயில் பிரஷர், இதை பார் என்ற அழுத்த அலகில் காட்டும். இந்த வகை எஞ்சின்களில் செல்ஃப் அடிக்கும்போது சுமார் 200 பார் வந்தால்தான் ஈசிஎம் இன்ஜெக்டரைத் திறக்கும். அதற்குக் கீழே எவ்வளவு சுற்றினாலும் பயனில்லை. திரையில் எண் அசையாமல் ஒரே இடத்தில் நின்றால் முதலில் ரெயில் சென்சாரின் கப்ளரைப் பாருங்கள். அதன் சிக்னல் வயரில் எஞ்சின் நின்றிருக்கையில் அரை வோல்ட் இருக்கும், அழுத்தம் 200 பாரை எட்டும்போது ஏறத்தாழ 1 வோல்ட் ஆகும். ஸ்கேனர் இல்லாத ஊரில் இந்த ஒரு அளவீடே பாதி வேலையை முடித்துவிடும்.

அழுத்தம் உண்மையிலேயே ஏறவில்லை, 30, 40 பாரில் தத்தளிக்கிறது என்றால்தான் பட்டறைக்காரர் சொன்ன பம்பு விவகாரம் விசாரணைக்கு வருகிறது. அப்போதும் பம்பு கடைசி. பம்புக்கு டீசல் போகிறதா என்பதே முதல் கேள்வி. சாவி போட்டதும் பின்சீட் பக்கம் காதை வைத்தால் டேங்கில் உள்ள மின்பம்பு சில விநாடி ரீங்கரிப்பது கேட்க வேண்டும். கேட்கவில்லையா, ஃபியூஸ், ரிலே, வயர். கேட்கிறதா, ஃபில்டரிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு சாவியைப் போட்டுப் பாருங்கள். டீசல் விசையோடு வர வேண்டும். சொட்டினால் ஃபில்டர் அடைத்திருக்கிறது அல்லது வழியில் காற்று இழுக்கிறது. பாட்டிலில் பிடித்த டீசலைக் கொஞ்ச நேரம் நிற்க வைத்தால் அடியில் தண்ணீர் இருக்கிறதா என்பதும் தெரிந்துவிடும்.

இந்த இடத்தில் எஞ்சின் மாற்றியவர்கள் செய்யும் தவறு ஒன்று சாதாரணமாகக் கண்ணில் படும். டேங்கிலிருந்து வரும் ஹோஸும் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் ஹோஸும் ஒன்றுபோலவே இருக்கும், அருகருகே ஓடும். கழற்றும்போது அடையாளம் போடவில்லை என்றால் மாற்றி மாட்டிவிடுவார்கள். ரிட்டர்ன் வழியாக டீசலைத் தள்ளினால் பம்பு வெறும் வாயை மெல்லும். உங்கள் வண்டியைப் போலவே இருக்கும் இன்னொரு டிசையரின் பானெட்டைத் திறந்து ஹோஸ்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பாருங்கள். வாடகை வண்டி நிறுத்தத்தில் உங்களுக்கு அதற்குப் பஞ்சமிருக்காது.

காற்று பிடித்திருந்தால் ரிட்டர்ன் வழியில் ஒரு துண்டு ஒளிபுகும் குழாயை இடையில் மாட்டிப் பாருங்கள், குமிழி தெரியும். சொருகு கனெக்டர்களின் ரப்பர் ஓ-ரிங் கழற்றி மாட்டும்போது வெட்டுப்பட்டால் சில சமயம் டீசல் வெளியே ஒழுகாமலே காற்றை உள்ளே இழுக்கலாம். அதனால் ‘எங்கும் ஒழுகவில்லையே’ என்பது சான்றாகாது.

டீசல் நன்றாக வருகிறது, காற்றும் இல்லை, ஆனாலும் அழுத்தம் ஏறவில்லை. பம்பு ஏற்றியதை யாரோ வழியில் ஒழுகவிடுகிறார்கள். பெரும்பாலும் இன்ஜெக்டர்தான். நான்கு இன்ஜெக்டர்களின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு மெல்லிய குழாயைச் சொருகி, நான்கு சிறு பாட்டில்களில் விடுங்கள். பத்துப் பதினைந்து விநாடி செல்ஃப் அடித்துப் பாருங்கள். நான்கிலும் கொஞ்சம்போல், ஏறக்குறைய சமமாக இருக்க வேண்டும். மூன்றில் அடியில் சில சொட்டு, ஒன்றில் கால்பங்கு நிரம்பியிருக்கிறது என்றால் அந்த இன்ஜெக்டர் ரெயிலின் அழுத்தத்தைத் தின்கிறது. பழைய எஞ்சினிலிருந்து ஒன்றை எடுத்து மாற்றுங்கள். கீழே உட்காரும் செம்பு வாஷர் மட்டும் புதிதாகப் போட வேண்டும். பழையதையே போட்டால் கம்ப்ரஷன் கசிந்து இன்ஜெக்டரைச் சுற்றிக் கரி கட்டும்.

இன்ஜெக்டர் மாற்றினால் அதன் தலையில் உள்ள எண்ணை ஈசிஎம்மில் ஏற்ற வேண்டும் என்பார்கள், அது உண்மை. ஏற்றாவிட்டால் எஞ்சின் சத்தம் போடும், நிலையாக நிற்காமல் ஆடும், புகை விடும். ஆனால் அதனால் ஸ்டார்ட்டே ஆகாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். முதலில் எஞ்சின் ஓடட்டும், எண்ணைப் பிறகு ஏற்றலாம்.

ஒரு எச்சரிக்கை, இதைப் படிக்காமல் ஸ்பேனரை எடுக்காதீர்கள். அம்பாசடர், டாடா 407 காலத்து டீசலில் காற்று எடுக்க இன்ஜெக்டர் நட்டைத் தளர்த்திவிட்டு செல்ஃப் அடிப்பார்கள், டீசல் பீய்ச்சும், பிறகு இறுக்குவார்கள். மூத்த மெக்கானிக்குகள் கை இன்னும் அந்தப் பழக்கத்திலேயே போகும். உங்களுடையதைப் போல எல்லா இன்ஜெக்டருக்கும் ஒரே ரெயில் உள்ள காமன்ரெயில் எஞ்சினில் அது கூடவே கூடாது. எஞ்சின் ஓடும்போது ரெயிலில் அழுத்தம் ஆயிரம் பாருக்கு மேலும் ஏறும். செல்ஃப் வேகத்தில் வருவதும் தோலைத் துளைக்கப் போதும். ஊசி குத்தியதுபோல் ஒரு புள்ளிதான் தெரியும், உள்ளே டீசல் பரவி விரலையே எடுக்க வேண்டிய நிலை வரும். அப்படி நேர்ந்தால் வலி இல்லையென்று வீட்டுக்குப் போகாமல் உடனே அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்குப் போக வேண்டும். கசிவு தேடுவதற்குக் கையை வைத்துப் பார்ப்பதும் கூடாது, அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

இப்போது மற்றொரு வழி: சைலன்சரில் வெள்ளைப் புகை வருகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. மேலே சொன்ன மின்சார விஷயங்களில் பெரும்பாலானவை கழிந்துவிட்டன, டீசல் போகிறது. எரியத்தான் இல்லை. நம் ஊர்ச் சூட்டில், ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக் இல்லாததற்காக இந்த எஞ்சின் ஸ்டார்ட் ஆகாமல் இருக்காது, அதைத் தள்ளிவையுங்கள்.

முதலில் காற்றுப் பாதை. கடையில் கிடக்கும் எஞ்சினுக்குள் தூசியும் எலியும் போகாமலிருக்க, டர்போ வாயிலும் மேனிஃபோல்டு துளைகளிலும் பழந்துணியைச் சுருட்டி அடைத்து வைப்பார்கள். நல்ல பழக்கம்தான், எடுக்க மறக்காதவரை. எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன துணி உலோகத்தின் நிறத்திலேயே இருக்கும், டார்ச் அடித்தாலும் சட்டென்று தெரியாது. ஏர் ஃபில்டர் பெட்டியிலிருந்து டர்போவுக்குப் போகும் ஹோஸைக் கழற்றி, செல்ஃப் அடிக்கும்போது டர்போ வாயருகே ஒரு தாளைப் பிடியுங்கள். தாள் இழுபட வேண்டும். அதே சோதனையை மேனிஃபோல்டுக்குப் போகும் ஹோஸிலும் செய்யலாம். எரிந்த புகையில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விடும் இஜிஆர் வால்வு கரி பிடித்துத் திறந்தே நின்றிருந்தாலும் நல்ல காற்று குறையும்.

காற்று தாராளமாகப் போகிறது என்றால் கம்ப்ரஷன். மீட்டர் மாட்டும் முன்பே செல்ஃப் அடிக்கும் சத்தம் பாதியைச் சொல்லிவிடும். நல்ல எஞ்சின் சீரான தாளத்தில் திணறித் திணறிச் சுற்றும். தாளம் ஒரு இடத்தில் வழுக்கினால் ஒரு சிலிண்டர் காலி. தாளமே இல்லாமல் விர்ரென்று சுற்றினால் எல்லாம் காலி, அல்லது வால்வு டைமிங் தப்பியிருக்கிறது. உங்கள் கேள்வியில் ‘நன்றாகச் சுற்றுகிறது’ என்று எழுதியிருந்தது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. அது சீராகச் சுற்றுகிறதா, அல்லது வழக்கத்தைவிட லேசாகச் சுற்றுகிறதா என்று ஓடும் டிசையர் ஒன்றின் செல்ஃப் சத்தத்தோடு ஒப்பிட்டுக் கேளுங்கள். ஹீட்டர் பிளக் துளையில் டீசலுக்கான கம்ப்ரஷன் மீட்டரை மாட்டினால் 25 பாருக்கு மேல், நான்கிலும் ஏறக்குறைய ஒரே அளவு வர வேண்டும். 20-க்குக் கீழே என்றால் டீசல் பற்றாது. நான்கிலும் ஒரேமாதிரி குறைவு என்றால் டைமிங் செயின் பல் தாண்டியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த எஞ்சினில் டைமிங் வைக்கக் கேம் ஷாஃப்டையும் கிராங்கையும் பூட்டும் ஊசிகள் வேண்டும், மார்க் பார்த்துக் கண்ணளவில் வைக்கும் வேலை ஆகாது. ஒன்றிரண்டு சிலிண்டரில் மட்டும் குறைவு என்றால் வால்வோ ரிங்கோ போயிருக்கிறது. அப்படியானால் நீங்கள் கேட்டது சரிதான், எஞ்சினைத் திருப்பிக் கொடுக்கலாம். மீட்டர் காட்டும் அளவை நான்கு சிலிண்டருக்கும் படம் எடுத்துக்கொண்டு போங்கள், கடையில் பேச வசதியாக இருக்கும்.

ஈதர் ஸ்பிரேயோ பெட்ரோல் நனைத்த துணியோ காட்டி ஸ்டார்ட் செய்யும் யோசனையை யாராவது சொல்வார்கள். ஹீட்டர் பிளக் உள்ள எஞ்சினில் அது நேரங்கெட்ட நேரத்தில் வெடித்து பிஸ்டன் ரிங்கை உடைக்கும். வண்டியை இன்னொரு வண்டியில் கட்டி இழுத்து ஸ்டார்ட் செய்வதும் வேண்டாம். டைமிங் தப்பியிருந்தால் மிச்சமிருக்கும் வால்வும் வளையும். செல்ஃபையும் பத்து விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் அடிக்க வேண்டாம், நடுவே ஒரு நிமிடமாவது ஆறவிடுங்கள்.

ஸ்டார்ட் ஆனதும் ஆக்சிலேட்டரை மிதிக்க எல்லோருக்கும் கை கால் துடிக்கும். ஒரு நிமிடம் அப்படியே மெதுவாக ஓடட்டும், டர்போவுக்கு எண்ணெய் போய்ச் சேர வேண்டும். எண்ணெய் விளக்கு உடனே அணையாவிட்டால் நிறுத்திவிடுங்கள். ஸ்டார்ட் செய்யும் முன்பே, டர்போ அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலரைக் கழற்றிக் கவிழ்த்து, பழைய எஞ்சின் கக்கிய எண்ணெய் தேங்கியிருந்தால் கழுவி உலர்த்திவிடுவது நல்லது. டீசல் எஞ்சின் அந்த எண்ணெயையே எரிபொருளாக எடுத்துக்கொண்டு கட்டுக்கடங்காமல் ஓடத் தொடங்கினால் சாவியை எடுத்தாலும் நிற்காது. உங்கள் பழைய எஞ்சினைச் சூடாக்கிக் கொன்ற ரேடியேட்டர் ஹோஸை மட்டும் மாற்றிவிட்டு, அதே வயதுள்ள மற்ற ஹோஸ்களையும் தெர்மோஸ்டாட்டையும் அப்படியே விட்டிருந்தால் அவற்றையும் இப்போதே மாற்றுங்கள்.

ஓடிய பிறகு இன்னொரு வேலை மிச்சமிருக்கிறது, வாடகை வண்டி என்பதால் சொல்கிறேன். எஞ்சின் எண் மாறிவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவுப்படி எஞ்சின் மாற்றியதை 14 நாளுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, பதிவுச் சான்றில் புதிய எண்ணை ஏற்ற வேண்டும். அதற்கு எஞ்சின் எண் எழுதிய ரசீது தேவைப்படும். கடையில் வெறும் துண்டுச் சீட்டு கொடுத்திருந்தால் இப்போதே போய், பிளாக்கில் பொறித்த எண்ணையும் அது எந்த வண்டியிலிருந்து வந்தது என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எண் மாற்றாமல் ஓட்டினால் எஃப்சி (வண்டியின் தகுதிச் சான்று) எடுக்கும்போது மாட்டும், விபத்து நேர்ந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் புரட்டுவதும் அந்தப் பக்கத்தைத்தான்.